போர்வையோடு எடுத்த சத்தம்

என் மகளுடைய சத்தத்தைத் திருடியவன் என் மகன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் 'பெற்ற வயிறு, ஒரே ரத்தம்' என்று என்னைச் சமாதானப்படுத்த வர வேண்டாம். இரண்டு பேரையும் பெற்றவள் நான்தான். அதற்காக இரண்டு பேர் பக்கமும் பாதிப் பாதி நியாயம் இருக்கிறது என்று பங்கு பிரித்துக் கொடுக்க என்னால் முடியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி. வயது நாற்பத்தொன்று. காலையிலும் பிற்பகலிலும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மாலை நாலரையிலிருந்து ஏழு வரை ஒரு ஹோட்டலின் பெரிய கூடத்தில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாள். பாட ஒரு பெண், டிரம்ஸ் அடிக்க ஒருவர், கீபோர்டுக்கு ஒருவர், இவள். ஒன்பது வருடம் ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறாள். அவள் அப்பாவைச் சுடுகாட்டில் விட்டு வந்த மூன்றாம் நாள்கூடப் போனாள். உறவெல்லாம் மூக்கில் விரலை வைத்தது. 'போகட்டும், வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாள்' என்று நான்தான் சொன்னேன்.

எங்கள் குடியிருப்பில் அவளுக்கு இடிக்காரி என்று பெயர். கீழ்வீட்டு நர்ஸ் வைத்த பெயர். காரணம் அந்தப் பெட்டி.

பெட்டி என்று நான் சொல்வது இரண்டு சாமான். மேலே ஆம்ப்ளிஃபயர், கீழே அலமாரி மாதிரி ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அந்த ஆம்ப்ளிஃபயர் ஒரு சினிமாக் கொட்டகையை இடித்தபோது பழைய இரும்புக்கடைக்கு வந்தது. உள்ளே கண்ணாடிக் குழல் குழலாக வால்வு. பழைய ரேடியோவில் இருக்குமே, அதுதான். போட்டதும் பேசாது. ஐந்து நிமிடம் சூடேற வேண்டும். அதைக் கிட்டாருக்குத் தோதாக மாற்ற அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு தடவை மின்சாரம் தூக்கியெறிந்து, வலது கை இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. நான் கரண்டியால் ஊட்டிவிட்டேன். வாயில் கரண்டி இருக்கும்போதே, "அம்மா, தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன்" என்கிறாள். இதை அடிப்பதா, கொஞ்சுவதா?

கீழ்ப்பெட்டிக்குப் பலகை வேண்டும் என்று என் துணி அலமாரியைக் கழற்றினாள். கனத்த மரம். நான் ஒரு வாரம் பேசவில்லை. என் துணியெல்லாம் மூட்டையாகக் கிடந்தது. முன்பலகையின் மூலையில் அலமாரிப் பூட்டின் சாவித்துளை அப்படியே இருந்தது. அதை அடைக்கட்டுமா என்று கேட்டாள். அதையாவது விட்டு வை என்றேன்.

கல்யாணம் நடந்தது. நடக்காமல் இல்லை. இரண்டாம் வருடம், "நானா, அந்தப் பெட்டியா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றான் மாப்பிள்ளை. கேட்டிருக்கக் கூடாது. பதில் கிடைத்துவிட்டது. நல்ல மனிதன்தான், கேள்விதான் தப்பு.

அந்தப் பெட்டியின் சத்தம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால், எனக்கு இடது காது மந்தம். எனக்கு அது உள்ளங்காலில் கேட்கும். அவள் மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும். ஓங்கித் தட்டினால் தொண்டை கட்டின மாதிரி ஓர் உறுமல் வரும், தரை வழியாக ஏறி முழங்கால் வரை வந்து நிற்கும். அந்த உறுமல் சரியாக வருவதற்கு அவள் ஸ்பீக்கரை எத்தனை தடவை மாற்றியிருப்பாள், பின்பலகையை எத்தனை தடவை அறுத்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. "இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம்" என்பாள். ஒன்பது வருடமும் அந்த இன்னும் கொஞ்சம்தான்.

இப்போது என் மகனுக்கு, அந்தப் பெரியவனுக்கு வருகிறேன். அந்த ஹோட்டல் கூடத்தில் ஒலி பார்த்துக்கொள்வது அவன். மைக்கெல்லாம் அவன் கையில். தன் வீட்டு மாடியில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையும் வைத்திருக்கிறான். மாடியறை என்று அதற்குப் பெயர். தங்கையை அந்த மேடைக்குக் கொண்டுபோனவனே அவன்தான். அதை நான் மறைக்கவில்லை. வேனிலிருந்து பெட்டியை இறக்கும்போது கைகொடுத்துக் கொடுத்து அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதும் உண்மைதான்.

போன வருடக் கடைசியில் எனக்குக் கண்ணில் அறுவை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னார்கள். அவள் வேனுக்கு மாற்று ஆள் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே இருந்தாள். இரண்டாம் நாள் காலையில் பெரியவன் வந்தான். என் பழைய மருந்துச் சீட்டை டாக்டர் கேட்டிருந்தார்.

"சாவியைக் குடும்மா, நான் போய் எடுத்துட்டு வரேன்" என்றான்.

கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன். கண்ணில் கட்டு இருந்தது, கையில் கட்டு இல்லையே. சீட்டு சாமான் டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. போய் வர முக்கால் மணி போதும். அவன் வர மூன்றரை மணி நேரம் ஆனது. "வழியில கூட்டம்மா" என்றான். பிள்ளை பாவம், வெயிலில் அலைந்தானே என்று எனக்கு வந்த ஜூஸை அவனுக்குக் கொடுத்தேன். 

அதன்பிறகு இரண்டு மாதம் ஒன்றும் தெரியாது. ஒரு சனிக்கிழமை, இடைவேளையில், கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மேடைப் பக்கம் வந்திருக்கிறார். முப்பது வயசு இருக்கும். தலையில் தொப்பி. அவரும் கிட்டார் வாசிப்பவர்தானாம், வேறு ஊராம். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். பிறகு இவளிடம் ரொம்பச் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்:

"உங்க சத்தம் என்கிட்டயும் இருக்கு அக்கா!"

இவளுக்குப் புரியவில்லை. அவர் போனில் எடுத்துக் காட்டினார். அன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடமும் காட்டினாள். எனக்கு எழுத்துத் தெரியாது. என் அலமாரியைத் தெரியும். படத்தில் முன்பலகையும், மூலையில் சாவித்துளையும், பின்னால் எங்கள் வீட்டு ஜன்னலும்.

"என்னடி எழுதியிருக்கு?"

"'மாடியறையின் அரிய படைப்பு. இலவசம்.' அப்படின்னு போட்டிருக்கு. நாலாயிரத்துச் சொச்சம் பேர் எடுத்திருக்காங்க."

"எதை எடுத்திருக்காங்க? பெட்டி இங்கதானே இருக்கு?"

அப்போதுதான் அவள் எனக்கு விளங்கச் சொன்னாள். கையகலத்தில் ஒரு கருவி இருக்கிறது. அதை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்தால், அந்தக் கருவி கூ என்றும் உஸ் என்றும் விதவிதமாகச் சத்தத்தை உள்ளே அனுப்பும். பெட்டி எதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அரைமணியில் பெட்டியின் குணம் முழுக்கக் கருவிக்குப் பாடமாகிவிடும். பிறகு பெட்டி வேண்டாம். கிட்டாரை அந்தக் கருவியில் மாட்டினால், இவள் பெட்டியில் வாசித்த மாதிரியே கேட்கும். அந்தப் பாடத்தை யாருக்கு வேண்டுமானாலும் போனில் அனுப்பலாம்.

மூன்றரை மணிக் கூட்டம் எது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு அவன் வந்தான். தட்டைப் போடவில்லை நான்.

"ஏன்டா, மருந்துச் சீட்டுன்னு சாவியை வாங்கிட்டுப் போய் என்னடா பண்ணினே?"

அவன் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்துகொண்டே, "ஒரு காப்பி எடுத்தேம்மா. அவ்வளவுதான். பெட்டி அங்கேயேதானே இருக்கு? ஒரு திருகாணியாவது குறைஞ்சுதா?" என்றான்.

"கேட்டிருக்கலாம்ல அண்ணா?" என்றாள் அவள். சத்தமே போடவில்லை. எனக்குத்தான் பதறியது; அவள் மெல்லப் பேசினால் அது நல்லதுக்கில்லை.

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

"அதுக்குத்தானே கேக்கறது!"

"ஏய், உனக்கு நல்லதுதான்டி பண்ணியிருக்கேன். அந்த வால்வு இப்ப எங்க கிடைக்குது? நாளைக்கே பெட்டி எரிஞ்சுபோச்சுன்னா உன் சத்தம் போச்சு. இப்ப பத்திரமா இருக்கு."

"நாலாயிரம் பேர் வீட்டுலயா பத்திரமா இருக்கு?"

"உன் பேர் போடலைன்னு கோவமா? போடறேன். இப்பவே போட்டுடறேன், இரு" என்று போனை எடுத்தான்.

"என் பேரைப் போட்டே, போனைப் பிடுங்கி ஜன்னல் வழியா எறிஞ்சிடுவேன்."

"போடாட்டியும் தப்பு, போட்டாலும் தப்பு. என்னதான்டி வேணும் உனக்கு?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் என்னைப் பார்த்து, "பாரும்மா இவளை" என்றான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவனை.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு நடுவில் வால்வு உயிரை விட்டு, டிரம்ஸ்காரர் பத்து நிமிடம் தனியாக அடித்து ஒப்பேற்றியிருக்கிறார். எடை ஓர் ஆளின் எடை. சத்தத்தைக் குறைத்தால் உறுமல் வராது, கூட்டினால் முன்வரிசை காதைப் பொத்தும். எல்லாம் சரி. இந்தக் காரணங்களை அவளிடமே சொல்லி, அவளையே உட்கார வைத்து எடுத்திருந்தால் இன்றைக்கு எனக்கு என்ன வழக்கு?

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற மாதிரி, அந்த மாதமே ஹோட்டலுக்கு ஒரு புது மேலாளர் வந்தார். மேடையில் இனிமேல் பெட்டியே கூடாது என்றார். வருகிறவர்கள் பேசிக்கொள்ள முடியவில்லையாம். எல்லாரும் சின்னக் கருவியில் மாட்டி, கூடத்து ஸ்பீக்கர் வழியாகத்தான் வாசிக்க வேண்டுமாம். பெட்டியோடு அவள் அந்த மேடையில் நிற்பாளா, மாட்டாளா என்பதுதான் அப்போது கேள்வி. அவளுக்கு அந்த இரண்டரை மணி நேரம் எத்தனை பெரியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேன் ஓட்டுவது வயிற்றுக்கு. இது அவளுக்கு.

மேலாளருக்கு யோசனை சொன்னதும் பெரியவன்தான். "ரெண்டையும் கேட்டுப் பாருங்க சார். வித்தியாசம் தெரிஞ்சா பெட்டி இருக்கட்டும். தெரியலைன்னா கருவி." நியாயம் மாதிரித்தான் இருக்கும். ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். நானும் வேனில் ஏறிக்கொண்டேன். "நீ எதுக்கும்மா?" என்றாள். "என் அலமாரியும்தான் வருது" என்றேன்.

கூடம் காலியாக இருந்தது. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவன் பெட்டியைப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் வைத்து, முன்னால் மைக்கை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டான். வாசிக்க, அன்று இடைவேளையில் வந்த அந்தத் தொப்பிக்காரரை வரவழைத்திருந்தான். 'இவள் வாசித்தால் கையிலேயே தெரிந்துவிடும், அதனால் கேட்கிற பக்கம் உட்காரட்டும்' என்றான். மேலாளர், டிரம்ஸ்காரர், இவள், நான் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம்.

முதலில் ஒன்று வாசித்தார். பிறகு பெரியவன் எதையோ மாற்றினான். அதே பாட்டை மறுபடி வாசித்தார்.

மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "எனக்கு ஒண்ணும் தெரியலை. ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு மரியாதைக்கு என் பக்கம் திரும்பி, "பாட்டி, நீங்க சொல்லுங்க, உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார்.

பொய் சொல்ல எனக்கு வராது. "ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுது சார். திருடின தட்டுல சாப்பிட்டாலும் ருசி ஒண்ணாத்தான் இருக்கும்" என்றேன்.

டிரம்ஸ்காரர் இருமினார். பெரியவன் தலையைக் குனிந்துகொண்டு எதையோ திருகினான்.

அவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை ரெண்டாவதைப் போடு" என்றாள். போட்டான். கேட்டாள். கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அம்மா, போர்வை."

"என்னடி?"

"போர்வையோட எடுத்திருக்கான்மா!"

சொல்கிறேன். எங்கள் கீழ்வீட்டு நர்ஸுக்கு இரவு வேலை, பகலில் தூங்க வேண்டும். பெட்டியை வீட்டில் வாசித்தால் அவள் தூக்கம் போகிறது என்று இரண்டு தடவை சண்டைக்கு வந்தாள். மூன்றாவது தடவை அழுதாள். அன்றைக்கே நான் ஒரு பழைய கம்பளிப் போர்வையை நாலு மடிப்பாக மடித்து, தட்டு மாதிரி வட்டமாக வெட்டித் தைத்துக் கொடுத்தேன். பெட்டியின் முன்துணிக்கு உள்ளே, ஸ்பீக்கர் வாயை மூடின மாதிரி அதைச் சொருகிவிடுவாள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வீட்டில் எப்போதும் உள்ளே இருக்கும். ஹோட்டலுக்குக் கிளம்பும்போது, வேனில் ஏற்றும் முன்பே உருவிப் பையில் போட்டுக்கொள்வாள். இது அவளுக்கும் எனக்கும் கீழ்வீட்டுக்காரிக்கும் மட்டும்தான் தெரியும். பெரியவன் எங்கள் வீட்டில் வைத்துப் பிடித்தது போர்வை போர்த்தின சத்தத்தை. நாலாயிரம் பேர் வீட்டிலும் இருப்பது என் கம்பளி.

அவள் பையிலிருந்து அந்த வட்டத்தை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"ஒன்பது வருஷ உழைப்பைத் திருடினே. சரி. அதையாவது ஒழுங்காத் திருடத் தெரிஞ்சுதா உனக்கு?"

டிரம்ஸ்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். தொப்பிக்காரர், "அதான் எனக்கும் கொஞ்சம் மந்தமா இருக்கேன்னு..." என்று ஆரம்பித்து, பெரியவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவன் முகம் செத்துப்போயிருந்தது. போர்வையைக் கையில் எடுத்தான், புரட்டினான், மோந்துகூடப் பார்த்தான். இப்போதாவது 'தப்புதான்டி' என்று சொல்வான் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். என் பிள்ளை என்ன சொன்னான் தெரியுமா?

"அதான் மேல்சத்தம் வரவே இல்லை. நான் குமிழைத் திருகித் திருகி ஏத்தினேன். சரி, நல்லதாப் போச்சு. பெட்டி இங்கதானே இருக்கு, போர்வையும் வெளிய இருக்கு. ஒரு அரைமணி குடு, இன்னொரு தடவை எடுத்துக்கறேன்."

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் என் கோபத்துக்கே காரணம். வீம்புக்குக்கூட அப்படிச் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்கு அது ஒன்றுதான் குறையாகத் தெரிந்தது: சத்தம் மந்தம். கூடப் பிறந்தவள் எதிரே நிற்கிறாள், கண் கலங்கி நிற்கிறாள். அவன் மைக்கை நகர்த்தப் போகிறான்.

அவள் சாமான் அறைக்குப் போனாள். மைக்கைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தானே தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தாள். "சார், நீங்க கேட்டது மைக் வழியாப் போன ரெண்டு. கதவைச் சாத்திட்டு ரெண்டும் ஒண்ணுன்னா, ஒண்ணாத்தான் இருக்கும். இப்ப கேளுங்க" என்றாள். ஐந்து நிமிடம் சூடேறும்வரை எல்லாரும் காத்திருந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு வாசித்தாள்.

என் செருப்பைக் கழற்றியிருந்தேன். உள்ளங்காலில் ஏறிற்று. ஓரத்து மேசைமேல் கவிழ்த்திருந்த கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். ஒன்பது வருடக் கோபமா, ஒரு மாதக் கோபமா தெரியாது. அத்தனையும் வந்தது. வித்தியாசம் தெரியவில்லை என்று இனி எவனும் சொல்ல முடியாது.

மேலாளர் சொல்லவில்லை. கையால் தம்ளர்களைக் காட்டினார்.

"இதுதாம்மா! இதைத்தான் நான் வேணாங்கறேன்!"

 மனிதர் உண்மையைத்தான் சொன்னார். வித்தியாசத்தை நிரூபிக்க வந்தாள், நிரூபித்துவிட்டாள். அதனாலேயே தோற்றாள்.

"நீங்க இருங்கம்மா, உங்களை யார் போகச் சொன்னா? அந்தச் சின்னக் கருவியில உங்க சத்தத்தையே வெச்சு வாசிங்க. உங்க சத்தம்தானே?" என்றார்.

"என் சத்தத்தை நான் இவன்கிட்ட இரவல் வாங்கி வாசிக்கணுமா சார்?"

"அதுல என்னம்மா கௌரவம்..."

"உங்களுக்கு இல்லை. சரி. எனக்கு இருக்கு."

அவ்வளவுதான். சுருட்ட வேண்டியதைச் சுருட்டினாள். பெரியவன் மேடைக்கு வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான், எப்போதும் பிடிக்கிற மாதிரி. "விடு" என்றாள். விட்டான். டிரம்ஸ்காரரும் தொப்பிக்காரரும்தான் வேன் வரை தூக்கி வந்தார்கள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் இடத்தில் வாசிப்பது அந்தத் தொப்பிக்காரர். வேனுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னார், பாவம், தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டு:

"என்னைத்தான் வரச் சொல்லியிருக்காங்க அக்கா. நான் வேணா உங்க சத்தத்தை எடுத்துட்டு வேற ஏதாவது வெச்சுக்கறேன்."

"வேற எதை வெச்சுப்பீங்க? அதுவும் யாரோ ஒருத்தர்கிட்ட எடுத்ததாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு, "நல்லா வாசிக்கறீங்க தம்பி. வாசிங்க" என்று வண்டியை எடுத்துவிட்டாள்.  சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்றாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவனை நான் ஜன்னல் வழியாக வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை டிரம்ஸ்காரர் வந்து உட்கார்ந்தார்.

"எப்படிப் போச்சு?" என்று அவள் கேட்கமாட்டாள், நான் கேட்டேன்.

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலைம்மா. ஆள் மாறினதுகூட ரெண்டு மேசைக்குத்தான் தெரிஞ்சுது. மேலாளருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் தொல்லை. ஏய் இடி, நீ அந்தப் போர்வையைக் காட்டினதுலேர்ந்து என் காதுல போர்வைதான் கேக்குது. முதுகுல வேர்க்குது போ!"

அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் அது ஒன்றுதான்.

வேறு இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தாள். 'சின்னக் கருவி இருந்தா வாங்க' என்றார்கள். இப்போது ஒரு லாரிப் பட்டறையில் சனிக்கிழமை மதியம் வாசிக்கிறாள். அவர்களுக்கு அரைநாள் வேலை. சம்மட்டிச் சத்தத்தில் பழகின காது, பெட்டிச் சத்தத்துக்கு அசையாது. முப்பது பேர் எண்ணெய்க் கையோடு நின்று கேட்கிறார்கள். பாதிப் பேர் பாட்டு முடியும் முன்பே பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். ஹோட்டல் மேடைக்கு இது ஈடு என்று நான் சொல்லமாட்டேன். அவளும் சொல்வதில்லை.

பெரியவன் ஒரு மாதம் வரவில்லை. மருமகளும் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள், அவன் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாக வந்தான். இளைத்திருந்தான். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "எல்லாத்தையும் எடுத்துட்டேம்மா. இப்ப மாடியறையோட நெட் பக்கத்துல அது இல்லை" என்றான்.

"எடுத்தவங்ககிட்டயிருந்து?"

"அது... அதை ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப எதை எடுத்தே?"

மேசை விரிப்பைத் தடவினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அம்மா, நிறையப் பேர் எழுதறாங்க. போர்வை இல்லாம ஒண்ணு குடுங்கன்னு. இந்தத் தடவை அவ பேரைப் போட்டு, அவளையே உட்கார வெச்சு, அவ சொல்றபடி எடுக்கறேன். நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பா."

எனக்கு அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரத்தை அப்படியே அவன் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. கீழே வைத்தேன்.

"நான் சொல்லமாட்டேன். கீழ வேன் கழுவிட்டிருக்கா. நீயே போய்க் கேளு."

"அவ முடியாதுன்னுதான் சொல்வா."

"சொல்லட்டும். அதை அவ வாயால, நீ நேர்ல நின்னு கேட்டுட்டு வா. அப்புறம் இந்த வீட்டுல சாப்பிடலாம்."

"என்னம்மா நீ, சின்னப் பையனைச் சொல்ற மாதிரி..."

"ஐம்பதைத் தொடப்போறே. இன்னும் யார்கிட்டயும் எதையும் கேக்கத் தெரியலை. போடா."

போனான். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். மூன்று மாடி உயரம், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் குழாயைப் பிடித்துச் சக்கரத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்று, கையை ஆட்டாமல், தொங்கப்போட்டுக்கொண்டு பேசினான். அவன் கையை ஆட்டாமல் பேசி நான் பார்த்ததே இல்லை. அவள் குழாயை மூடினாள். முழுக்கக் கேட்டாள். தலையை ஒரு தடவை இல்லை என்று ஆட்டினாள், அவ்வளவுதான். மறுபடி குழாயைத் திறந்தாள். அவன் உடனே திரும்பிவிடவில்லை. அடுத்த சக்கரமும் கழுவி முடியும்வரை, கால்சட்டை நனைய நனைய அங்கேயே நின்றான்.

மேலே வந்தவனிடம், "என்ன சொன்னா?" என்றேன்.

"முடியாதுன்னுட்டா."

"சரி, உட்காரு" என்று தட்டைப் போட்டேன். எல்லாம் பரிமாறினேன், கேட்டதையும் கேட்காததையும்.  இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை.